இருபத்திரண்டு வருடப் புதியவர்

என் அக்கா இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் ஒரு கிறிஸ்தவச் சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தச் சபையின் அங்கத்தினரே இல்லை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரியவந்தது.

நாங்கள் பல்செட் செய்கிறவர்கள். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக அடுக்கி, கடைசியில் பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவோம். அப்பா ஆரம்பித்த தொழில். கீழே பட்டறை, மேலே வீடு. அக்கா கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தேழு. காலையில் சண்டை போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஒரே கெட்டிலில் தேநீர் போட்டுக் குடித்து, குறை ஒன்றுமில்லாமல் இருந்தோம்.

அன்று சபைச் செயலாளர் பட்டறைக்கே வந்துவிட்டார். தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கக்கத்தில் ஒரு பெரிய பதிவேடு. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு உங்க பேரை ஏழு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க."

"எனக்கெதுக்குங்க அந்த வம்பெல்லாம்?" என்றாள் அக்கா, கையிலிருந்த கீழ்த்தாடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது கெடக்கட்டும். சரிபாக்கலாம்னு பதிவேட்டைத் திறந்தேன். உங்க பேரு இல்ல."

"சரி."

"என்னம்மா சரி? மூணு தடவை பாத்துட்டேன். இறந்தவங்க பட்டியல்லகூடத் தேடினேன்!"

"எப்படிங்க இருக்கும்? நான்தான் சேரவே இல்லையே."

செயலாளர் பக்கத்திலிருந்த பிளாஸ்டர் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழும்போது அவர் கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளைவெளேரென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லும் நேரமாக அது படவில்லை.

"அப்ப ஞானஸ்நானம்?"

"எடுக்கல."

"வேற சபையில எடுத்துட்டுக் கடிதத்தோட வந்தவங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தோம்!"

"நீங்களா நெனச்சா நான் என்ன பண்ணுவேன்? எங்க அப்பாவுக்குக் கடவுள்ங்கற பேச்சே ஆகாது. நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

"அப்ப திருவிருந்து?" அவர் குரல் கிறீச்சிட்டது. "ஞானஸ்நானம் எடுக்காமலே மாசாமாசம் அப்பமும் திராட்சரசமும் எடுக்கறீங்களே!"

"எங்க எடுத்தேன்? நீங்கல்லாம் எடுக்கும்போது நான் வாசிச்சுட்டிருப்பேன். ரெண்டு கையும் கட்டைமேல, ரெண்டு காலும் மிதிமேல. பறவைக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துட்டு உக்காருவேனா?"

நான் சிரித்துவிட்டேன். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் பிளாஸ்டர் தானாகவே இறுகியிருக்கும்.

கதை நடந்தது இப்படித்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சபையின் ஆர்கன்காரர் எங்களிடம் பல்செட் கட்ட வந்தார். அக்கா பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் பியானோ படித்தவள் என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டார். தாடை வீங்கியிருக்கிறது, இந்த ஒரு ஞாயிறு மட்டும் வந்து வாசித்துவிட்டுப் போ என்று கெஞ்சினார். அந்த ஒரு ஞாயிறு இன்னும் முடியவில்லை. அவர் ஊரை விட்டே போய்விட்டார். அக்கா அந்த ஆர்கன் பலகையிலேயே தங்கிவிட்டாள். சபையில் அவளுக்குப் பெயர் 'பல்செட் அக்கா'. பாதிச் சபையின் பற்கள் அவள் கைவண்ணம் என்பதால் அது மரியாதையான பெயர்தான்.

செயலாளர் கொஞ்சம் தெளிந்து, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் பிரச்சனையில்லம்மா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின பக்கத்துல ஒரு வரி காலியா இருக்கு. அதுல உங்க பேரை எழுதிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா அப்போதுதான் தாடையைக் கீழே வைத்தாள். "தபால்ல இருந்தவரு, பழைய தேதியில முத்திரை குத்தறேங்கறீங்களே! வேண்டாங்க. இல்லைன்னா இல்லைன்னே இருக்கட்டும்."

அன்று மாலையே போதகர் வந்தார். சபைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தொன்பது வயது, கொடிக்கம்பம் போன்ற உடம்பு, பேசும்போது தன் காதைத் தானே பிடித்துக்கொள்ளும் பழக்கம்.

"அக்கா, ஆர்கன் வாசிக்க அங்கத்தினரா இருக்கணும்னு சட்டமில்ல. நீங்க இப்படியே வாசிக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்." காதைப் பிடித்துக்கொண்டார். "ஆனா, சேரணும்னு உங்களுக்கே ஆசை இருந்தா, புதியவர் வகுப்பு சனிக்கிழமை ஆரம்பிக்குது. ஆறு வாரம். வர்றீங்களா?"

அக்காவின் முகம் சிவந்தது. எதற்கும் மசியாத என் அக்கா, பல் டாக்டர்களையே ஃபோனில் அதட்டுகிறவள், முதல் தடவை சினிமாவுக்குக் கூப்பிடப்பட்ட பெண்ணைப் போல மேசை விரிப்பின் நுனியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல யாருமே என்னைக் கூப்பிடல, பாஸ்டர்," என்றாள் கடைசியில். "உள்ளேயே இருக்கறவளை யாரு கூப்பிடுவாங்க?"

அவர் போனதும் நான் ஆரம்பித்தேன். "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? அப்பா நமக்கு என்ன சொல்லி வளத்தார்?"

"கேள்வி கேக்காம எதையும் முழுங்காதேன்னார். கேக்கத்தான் போறேன். ஆறு வாரம் முழுக்க."

"உன்னை ஏதாவது சொல்லி மயக்கிடுவாங்க. நானும் வரேன்."

"வாடா. நீயும் கேளு."

உண்மையில் எனக்கு இருந்தது பயம். எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவள். அவள் ஓர் இடத்தில் சேர்ந்தால், நான் வெளியே நிற்பேனே என்ற அற்பப் பயம். அதை அவளிடம் சொல்லாமல் பெரிய பகுத்தறிவுக்காரனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

வகுப்பு நடந்தது சிறுபிள்ளைகளின் ஞாயிறு பள்ளி அறையில். நாற்காலிகள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானவை. உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். அந்த நிலையில் யாராலும் கம்பீரமாக விவாதம் செய்ய முடியாது. என் திட்டத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. எங்களைத் தவிர, வேறு சபையில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டுக் கடிதத்தோடு வந்த இரண்டு பேர். ஒருவர் லாரி ஓட்டுகிறவர். அவர் உடம்புக்கு இரண்டு நாற்காலி தேவைப்பட்டது. இன்னொருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ்; வந்த நிமிடத்திலிருந்து கொட்டாவி.

போதகர் கையில் 'புதியவர் கேள்வி-பதில்' என்ற சின்னப் புத்தகம் இருந்தது. நாற்பது கேள்விகள், நாற்பது பதில்கள்.

லாரிக்காரர்தான் முதலில் கேட்டார். "பாஸ்டர், நான் ஞாயித்துக்கிழமைன்னா பாதி நாள் ரோட்டுலதான் இருப்பேன். வரலேன்னா பேரை அடிச்சுடுவீங்களா?"

போதகர் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் அக்கா சொன்னாள்: "அடிக்க மாட்டாங்க. பதினோரு வருஷமா வராதவர் ஒருத்தர் சபை மூப்பரா இருக்காரு."

"அக்கா!" என்றார் போதகர்.

"பொய்யா?"

"இல்ல... அதைப் பத்தி நானே பேசணும்னு இருக்கேன்." காதைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, வர முடியாத அன்னிக்கு எங்களை நெனச்சுக்குங்க. நாங்க உங்களை நெனச்சுக்கறோம். வர முடியற அன்னிக்கு வந்துடுங்க. தனியாவே நம்பிட்டிருக்கறது ரொம்ப கஷ்டம். அதுக்காகத்தான் சபை."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நைட் டூட்டி முடிச்சுட்டு நேரா வர்றேன். பிரசங்கத்துல தூங்கிட்டா பாவமா?"

"இடப்பக்கம் மூணாவது வரிசை, தூணுக்குப் பின்னாடி உக்காரு," என்றாள் அக்கா. "அங்கதான் எல்லாரும் தூங்குவாங்க. எனக்கு ஆர்கன் மேல ஒரு கண்ணாடி இருக்கு. அதுல எல்லாம் தெரியும்."

போதகர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எல்லாருமா?" என்றார் பாவமாக.

"புதன்கிழமையே பிரசங்கத்தைத் தயார் பண்ற வாரம் தூங்க மாட்டாங்க. சனிக்கிழமை எழுதினீங்கன்னா தூங்குவாங்க. உங்க குரல்லயே தெரியும்."

லாரிக்காரரின் சிரிப்பில் அவரது இரண்டு நாற்காலிகளும் பிரிந்து, அவர் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் எல்லாரும் தரையிலேயே உட்கார்ந்தோம்.

இரண்டாவது வாரம் நான் தாக்குதலைத் தொடங்கினேன். "நம்பிக்கைன்னா என்ன பாஸ்டர்? ஆதாரம் இல்லாததை ஒத்துக்கறதுதானே?"

போதகர் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டாள். "டேய், நம்மகிட்ட பல்செட் வாங்கறவங்க என்ன பண்றாங்க? முழுசா நம்பினதுக்கப்புறமா வாயில போடறாங்க? பயந்துகிட்டேதான் போடறாங்க. பத்து நாள் வலிக்குது, திட்டறாங்க, கழட்டித் தண்ணியில போடறாங்க. அப்புறம் ஒரு நாள் போட்டிருக்கறதே மறந்துபோய்க் கடிக்கறாங்க."

"எழுதிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போதகர் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் யார் கட்சி?

ஆனால் அவளுடைய சொந்தக் கேள்வியை அவள் மூன்றாவது வாரம்தான் கேட்டாள். "எவ்வளவு நம்பணும் பாஸ்டர்? முழுசா வேணுமா? எங்கிட்ட அவ்வளவு இல்ல. ஒரு பாட்டு வாசிக்கும்போது இருக்கு, முடிஞ்சதும் போயிடுது."

"பதினேழாவது கேள்வி," என்று போதகர் பக்கத்தைத் திருப்பினார். உரக்க இரண்டு வரி படித்தார். நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அக்கா, உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கே சில திங்கக்கிழமை கால்வாசிதான் இருக்கும். அன்னிக்கு மத்தவங்க நம்பிக்கையில ஒட்டிக்குவேன். பஸ்ஸுல கம்பி கிடைக்காதவன் பக்கத்து ஆள் தோளைப் பிடிச்சுக்கற மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் மட்டும் தூக்கத்தில் தலையாட்டினாள்.

நான்காவது வாரம் ஒரு வீட்டுப்பாடம். புதியவர்கள் எல்லாரும் அந்த ஞாயிறு சபையோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனையில் கலந்துகொள்ள வேண்டும். "நீங்களும்தான் அக்கா," என்றார் போதகர். "ஆர்கன் ஒரு வாரம் சும்மா இருக்கட்டும். வாயாலயே பாடிக்கறோம்."

அன்றுதான் எனக்குப் புரிந்தது: இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு முறைகூட அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

நாலாவது வரிசையில் நான், அக்கா, அந்தப் பக்கம் லாரிக்காரர். எங்களுக்கு நேர் முன்னால் செயலாளர். எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியவில்லை! எல்லாரும் நிற்கும்போது அவள் உட்கார்ந்தாள், உட்காரும்போது எழுந்தாள். "நான் வாசிக்க ஆரம்பிச்சா இவங்க எழுந்துடுவாங்க. யாராவது ஆரம்பிங்கடா," என்று என் காதில் புலம்பினாள். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்த முகங்களை நேரில் பார்த்து, "ஐயோ, இவருக்கு மச்சம் இந்தப் பக்கமா!" என்றாள்.

நூற்றுப் பதினாலாம் பாட்டு என்று அறிவித்தார்கள். அக்காவின் கால்கள் தரையில் தானாக மிதிக்கத் தொடங்கின. சபை இழுத்து இழுத்து ஆரம்பித்தது.

"சோர்ந்த சிறகுக்கும் சொந்தக் கூடு தந்தவரே..."

அப்போது ஒரு விசில் கேட்டது. மெல்லிய, கூரான, தெளிவான விசில். 'சோ'வில் ஒன்று, 'சி'யில் ஒன்று, 'சொ'வில் ஒன்று. அது எங்கள் முன்னாலிருந்து, செயலாளரின் வாயிலிருந்து வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அக்கா கட்டிக்கொடுத்த மேல் செட்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "முன்பல்லுக்குப் பின்னாடி தடிமனா விட்டுட்டேன்டா," என்று கிசுகிசுத்தாள். "காத்து போக வழியில்லாம... மூணு வருஷமா... ஆர்கன் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்ல..."

அடுத்த வரியில் நாலு 'ச' இருந்தது. செயலாளர் உள்ளம் உருகிப் பாடுகிறவர். உருக உருக விசில் ஓங்கியது. அக்காவின் தோள்கள் குலுங்கின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். லாரிக்காரர் இருமுவதுபோல நடித்தார். அந்த நடிப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. எங்கள் பெஞ்சு ஆடியது. பெஞ்சு ஆடியதில் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பினார்கள், காரணம் தெரியாமலே சிரித்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து நர்ஸ் விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். செயலாளரே திரும்பி, "என்ன சமாச்சாரம்?" என்று கேட்டார், 'ச'வில் நீளமாக ஒரு விசிலோடு. அவ்வளவுதான். மேடையில் போதகர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார், புத்தகம் நடுங்கியது.

"செயலாளர் ஐயா," என்றாள் அக்கா, கண்ணில் நீர் வழிய, சபை முழுக்கக் கேட்கும்படி. "தப்பு என்னுதுதாங்க. நாளைக்குப் பட்டறைக்கு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அவர் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு கணம் அங்கே என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். ஆனால் அவர் தொந்தி குலுங்கத் தொடங்கியது. "என் பேரன் ரொம்ப நாளா சொல்றான்! வெளியில குருவி கத்துதுன்னு நெனச்சுட்டிருந்தேன்!"

பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். சிரித்து ஓய்ந்த மூச்சோடு, இப்போது கொஞ்சம் வேகமாக, நன்றாகவே பாடினார்கள். அக்கா பாடவில்லை. வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் சரணத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பாட்டுக்கு வார்த்தை இருக்குடா."

"எல்லாப் பாட்டுக்கும் இருக்கும்கா."

"எனக்கு இது மூணு தாளப் பாட்டு, நடுவுல ஒரு கஷ்டமான விரல் மாத்தம். இவங்க எங்க மூச்சு எடுப்பாங்கன்னு மட்டும்தான் பாப்பேன். என்ன சொல்றாங்கன்னு கேட்டதே இல்ல." பாட்டுப் புத்தகத்தில் அந்த வரிமேல் விரலை வைத்தாள். "சொந்தக் கூடுன்னு இருக்கு, பாரு."

வெளியே வந்தபோது அவள் நடை நேராக இல்லை. இரண்டு கிளாஸ் ஏதோ குடித்தவளைப் போலப் படிகளில் இறங்கினாள். எதைப் பார்த்தாலும் சிரிப்பு. சைக்கிள் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்துக்கூடச் சிரித்தாள். போதகரிடம் போய், "நான் சேர்றேன்," என்றாள். சொல்லிவிட்டு, அதே மூச்சில் முகம் மாறியது.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். எங்க அப்பா நம்பாமலே போனாரு. நல்ல மனுஷன். இப்ப எனக்கு இவ்வளவு சந்தோஷமா இருக்கு. அவரை வெளியில நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள வந்த மாதிரி இருக்கு. அவருக்கு என்ன ஆகும்?"

போதகர் காதைப் பிடிக்கவில்லை. கைகளைக் கீழே விட்டபடி நின்றார். "இதுக்குப் புத்தகத்துல ஒரு பதில் இருக்கு அக்கா. உங்க முகத்தைப் பாத்துகிட்டு அதைப் படிக்க எனக்கு வாய் வரல. எனக்குத் தெரியாது. உங்களைவிட உங்க அப்பாவை நல்லாத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு, அவர் அன்புல உங்களுக்குக் குறைஞ்சவர் இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்பாவை அவர் கையில விடுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. அப்பாவுக்காக நான்தான் பேச வேண்டும்.

"திட்டியிருப்பார்," என்றேன். "ஒரு வாரம் உன்கூடப் பேசியிருக்க மாட்டார். அப்புறம் முதல் வரிசையில வந்து உக்காந்து, நீ தப்பா வாசிக்கறியான்னு பாத்திருப்பார்."

அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். சம்மதம் என்று அர்த்தம்.

மறுநாள் செயலாளர் வந்து பல்லைச் சரிசெய்துகொண்டு போனார். அதற்கடுத்த சிக்கல் போதகருடையது. மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் ஆளை மல்லாக்கச் சாய்த்து, முழுதாக முக்கி, தூக்கி நிறுத்த வேண்டும். முந்தைய போதகர் மலை போன்ற மனிதர். இவருக்கு இதுதான் முதல் தடவை. என் அக்காவோ நல்ல சரீரம்.

ஆறு வார வகுப்பும் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை ஃபோனில் கூப்பிட்டார். "அண்ணே, நீங்களும் அக்காவும் கிட்டத்தட்ட ஒரே எடையா?"

போனேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. செயலாளர் ஒரு அளவுகோலோடு விளிம்பில் குந்தியிருந்தார். நான் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போதகர் ஒரு கையை என் முதுகில் கொடுத்தார். "அப்படியே என்மேல சாயுங்கண்ணே. பயப்படாதீங்க."

சாய்ந்தேன். அவர் முழங்கால் மடங்கியது. இருவரும் மெதுவாக, மிக மெதுவாக, வெட்டிய மரம் போல விழுந்தோம். நான் அவர்மேல்.

"இன்னும் வேகமா முக்கணும் போல," என்றார் செயலாளர் மேலிருந்து.

இரண்டாவது தடவை என் கால் வழுக்கியது. மூன்றாவது தடவை, விழுவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. அது வந்தபின் யாரையும் யாராலும் தூக்க முடியாது. காய்ந்த தொட்டியின் அடியில் இருவரும் மல்லாந்து கிடந்து விக்கல் எடுத்தோம்.

"பாஸ்டர், இதைக் கணக்குல எடுத்துடாதீங்க. நான் இன்னும் எங்க அப்பா கட்சிதான்," என்றேன்.

"தண்ணி இல்லாம செல்லாதுண்ணே. பயப்படாதீங்க." கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: "நீங்க ஏன் ஆறு வாரமும் வந்தீங்க?"

சொல்லிவிட்டேன். அக்கா உள்ளே போனால் நான் வெளியே என்ற பயத்தை. தொட்டிக்குள் கிடக்கும்போது மானம் பார்க்கத் தோன்றவில்லை.

"கதவு எங்கண்ணே இருக்கு, உள்ள வெளியன்னு?" என்றார் அவர். "நீங்க கேள்வி கேட்டுகிட்டே வாங்க. உங்களுக்கு ஒரு நாற்காலி எப்பவும் இருக்கும். பெரியவங்க நாற்காலியே."

ஏழாவது முயற்சியில் கற்றுக்கொண்டோம். காலை அகட்டி வைத்து, முழங்காலை மடக்கி, ஆளைத் தூக்காமல் தண்ணீரிடம் விட்டுவிட வேண்டும். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று செயலாளர் தபால் சட்டம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஞாயிறு வந்தது. சபை நிரம்பி வழிந்தது. தேர்தலில் நிற்கவில்லை என்று அக்கா எழுதிக்கொடுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது அது இல்லை. நீள வெள்ளை அங்கியில் படி இறங்கித் தொட்டியில் நின்றாள். தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும், "ஆத்தாடி!" என்றாள். சபை சிரித்தது. லாரிக்காரர் அன்று எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தார்; செயலாளர் தன் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு உயரத் தூக்கிப் பிடித்தார், அவரும் கேட்கட்டும் என்று.

போதகர் முறைப்படி கேட்டார். "இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கிறீர்களா?"

'விசுவாசிக்கிறேன்' என்று சொன்னால் போதும். அக்கா அதோடு நிறுத்தவில்லை. "விசுவாசிக்கறேன் பாஸ்டர். இன்னிக்கு நிறையவே இருக்கு. குறையற அன்னிக்கு இவங்க தோளைப் பிடிச்சுக்குவேன்."

"பிடிச்சுக்கோம்மா!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே அன்று யாரும் தூங்கவில்லை.

அவர் காலை அகட்டினார். முழங்காலை மடக்கினார். அக்கா சாய்ந்தாள், மறைந்தாள், மேலே வந்தாள். அழகாக, பிசகில்லாமல். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் வரும்போது அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவள் எழுந்த வேகத்தில் அவர் தலைகுப்புற உள்ளே போனார். அன்று சபைக்கு ஒரு புது அங்கத்தினர். போதகருக்கு இரண்டாவது ஞானஸ்நானம். தண்ணீர் முதல் மூன்று வரிசைமேல் தெறித்தது. ஃபோனில் லாரிக்காரர், "ஆச்சா? ஆச்சா?" என்று கத்தினார். "ஆச்சு!" என்று இருநூறு பேர் கத்தினார்கள். எங்கோ ஒரு சாலையில் அவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். அந்த ஹாரன் ஆலயம் முழுக்க முழங்கியது. ஆர்கனில்கூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

உடை மாற்றி, தலை சொட்டச் சொட்ட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவிருந்து ஆரம்பித்தது. அப்பத் தட்டு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. நான் எடுக்கவில்லை, எனக்கு இன்னும் கேள்விகள் மிச்சம் இருந்தன. தட்டை அவள் பக்கம் நீட்டினேன். மெழுகில் முன்பல் பதிக்கும்போது பிடிப்பதுபோல, இரண்டு விரலால் ஒரு துண்டை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள். நான் தட்டை அவள் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்த நர்ஸ்தான் மெல்ல வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம். பின்னால் உட்கார்ந்து அவள் பாட ஆரம்பித்தாள். என் வாழ்நாளில் அவள் பாடிக் கேட்டது அதுதான் முதல் முறை. காரணமும் உடனே விளங்கியது. சுருதி என்று ஒன்று இருப்பதே அந்தத் தொண்டைக்குத் தெரியாது. கை பொன்னாக இருந்தவளுக்குக் குரல் தகர டப்பா. சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா."

"முடியாதுடா! நாலாவது சரணம் இன்னும் இருக்கு!"

"சபையில இப்படிப் பாடின, பேரை அடிச்சுடுவாங்க."

"அடிக்க முடியாது! பேனாவுல எழுதியிருக்காங்க!" என்று கத்தினாள், ஈரத் தலையை என் முதுகில் முட்டிக்கொண்டு. என் சட்டையெல்லாம் நனைந்தது. அந்தக் குழந்தை சிரிக்க, ஆட்டோக்காரர் சிரிக்க, பச்சை விழுந்ததும் நான் வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு நேரே போகும் தெருவை விட்டுவிட்டு, நாலு சரணமும் முடியட்டும் என்று சுற்றுவழியில் திருப்பினேன்.